குறைதிறன் ஒளிபரப்பும் வட்டாரத் தன்மையும்: பீஜ் தொலைக்காட்சி நிலைய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில் நடியாத் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் பீஜ். அங்கு 1975இல் ஒரு கிலோவாட் திறன் கொண்ட தொலைக்காட்சி அலைபரப்பி நிறுவப்பட்டது. அந்நிலையத்தின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, ஒரு நிலையத்தை வட்டார நிலையமாக்குவது அதன் அலைபரப்பும் திறனா, நிகழ்ச்சி ஆக்கத்தின் இடமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குறைதிறன் அலைபரப்பி, கேடா தொடர்பியல் திட்டம், வட்டார வழக்கு, மறு ஒளிபரப்பு.

முன்னுரை

இந்தியத் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 1972இல் பம்பாயும் 1975இல் சென்னையும் நிலையங்களைப் பெற்றன. இவ்வாறு பெருநகரங்களைச் சார்ந்தே அது வளர்ந்தமையால், தொலைக்காட்சி வரலாறு பெரும்பாலும் நகர வரலாறாகவே எழுதப்படுகிறது. ஒரு சிற்றூரின் பெயரால் அறியப்பட்ட பீஜ் நிலையம் இப்போக்கிற்கு விலக்காக அமைகிறது.

நிலையத்தின் தோற்றம்

ஊரகங்களுக்கே தொலைக்காட்சி முதலில் சென்றடைய வேண்டும் என்பது விக்ரம் சாராபாயின் கருத்தாகும். இக்கருத்தின் வழியில் 1969இல் இந்திய அணுசக்தித் துறைக்கும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வாயிலாக ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்கள் நேரடி ஒளிபரப்பைப் பெற்றன. 1971இல் மறைந்த சாராபாய் இதனைக் காணவில்லை.

இச்சோதனையின் ஒரு கூறாகவே பீஜ் அலைபரப்பி அமைந்தது. செயற்கைக்கோள் நிகழ்ச்சிகளைப் பெற்றுக் கேடா மாவட்டத்திற்கு மறு ஒளிபரப்புச் செய்ததோடு, அம்மாவட்டத்திற்கென ஆக்கப்பட்ட நிகழ்ச்சிகளையும் அது வழங்கியது. ஓராண்டு முடிவில் செயற்கைக்கோள் திரும்பப் பெறப்பட்டதும் நேரடி ஒளிபரப்பு நின்றது. தரையில் ஊன்றப்பட்ட பீஜ் அலைபரப்பியோ தொடர்ந்து இயங்கியது. இதனை மையமாகக் கொண்ட முயற்சியே கேடா தொடர்பியல் திட்டம் எனப்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் தூர்தர்ஷனும் இதில் இணைந்து செயற்பட்டன.

திறனும் எல்லையும்

தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. எனவே, கோபுரத்தின் உயரமும் அலைபரப்பியின் திறனும் ஒளிபரப்பு சென்றடையும் எல்லையை வரையறுக்கின்றன. ஒரு கிலோவாட் திறன் பெருநகர நிலையத்திற்குக் குறைபாடாகத் தோன்றலாம். கேடாவில் அக்குறைபாடே பயனாயிற்று. ஒளிபரப்பு எல்லையும் மாவட்ட எல்லையும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தமையால், நிகழ்ச்சி ஆக்குநர் முன் முகமறியாத ஒரு நாடு நிற்கவில்லை; ஒரே பயிர்முறையும் ஒரே சந்தையும் அண்மை வழக்குகளும் உடைய மக்கள் கூட்டம் நின்றது. 1918ஆம் ஆண்டின் சத்தியாகிரகத்தாலும் 1946இல் தோன்றிய பால் கூட்டுறவு இயக்கத்தாலும் அம்மாவட்டம் முன்பே கூட்டுச் செயற்பாட்டிற்குப் பழகியிருந்தது.

நிகழ்ச்சி ஆக்கம்

ஏறத்தாழ 400 சிற்றூர்களில் 650 அளவிலான பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்கள் போன்ற பொது இடங்களில் மக்கள் கூடி நிகழ்ச்சிகளைக் கண்டனர். நிலையம் விளம்பர வருவாயைச் சாராமையால், பொருள் வாங்கும் ஆற்றலற்ற வேளாண் தொழிலாளரும் நிலையத்தின் முதன்மைப் பார்வையாளராக இருக்க இயன்றது.

தீண்டாமை, மதுப்பழக்கம், குறைந்தபட்சக் கூலி, பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதி, கூட்டுறவு, குடும்பநலம் ஆகியன நிகழ்ச்சிகளின் பொருள்களாயின. ஆக்கத்திற்கு முன்னரும் பின்னரும் சமூக ஆய்வாளர்கள் ஊர்களுக்குச் சென்று மக்கள் கருத்தைத் திரட்டினர். எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய ஒளிப்பதிவுக் கருவிகள் ஊர் மக்களின் குரலை நேரடியாகப் பதிவுசெய்யத் துணைநின்றன. உள்ளூர் மக்களே நடித்தனர். சரோத்தர் வட்டாரப் பேச்சுவழக்கு திரையில் ஒலித்தது. கூலி உயர்வைப் பற்றிய செய்தி, கூலியாள் பேசும் மொழியிலேயே அவரை வந்தடைந்தது. ஆகவே, வட்டார வழக்கை இங்கு வெறும் நடை அழகாகக் கருத இயலாது; யாரை நோக்கிப் பேசுவது என்னும் தேர்வின் வெளிப்பாடாகவே அது அமைகிறது. ஊரகத் தொடர்பியலுக்கான யுனெஸ்கோ பரிசு 1984இல் இத்திட்டத்திற்கு வழங்கப்பட்டது.

ஒப்பீடும் முடிவும்

இப்பரிசு கிடைத்த காலத்திலேயே இந்தியத் தொலைக்காட்சி வேறு திசையில் திரும்பியிருந்தது. 1982இல் தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. அதனை நாடெங்கும் கொண்டுசெல்ல 100 வாட் குறைதிறன் அலைபரப்பிகள் விரைந்து நிறுவப்பட்டன. 1984இல் சில மாதங்கள் நாளொன்றுக்கு ஒன்று என்னும் அளவிற்கு அவ்விரைவு இருந்தது. அவற்றின் திறன் பீஜ் அலைபரப்பியினும் குறைவு, பரப்பெல்லையும் சிறியது. ஆயினும் அவற்றுக்கு நிகழ்ச்சிக் கூடம் இல்லை. செயற்கைக்கோள் வழி வந்ததை அவ்வாறே பரப்புவதே அவற்றின் பணி. ஆகவே அவை வட்டாரத்தில் நின்றனவேயன்றி, வட்டாரத்தின் குரலாகவில்லை.

1980களின் பிற்பாதியில் பீஜ் தனி நிலையமாக இயங்கும் நிலை முடிவுற்றது. அதன் அணுகுமுறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1990களில் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் 150 சிற்றூர்களை உள்ளடக்கி, பார்வையாளர் எதிர்வினையாற்றும் வசதியுடன் நடத்தப்பட்ட தொடர்பியல் திட்டம் கேடாவின் பட்டறிவைப் பின்பற்றியதாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால், குறைந்த திறன் மட்டுமே ஒரு நிலையத்தை வட்டார நிலையமாக்குவதில்லை என்பது பெறப்படுகிறது. திறன் எல்லையை மட்டுமே வரைகிறது. அவ்வெல்லைக்குள் எவர் மொழி ஒலிக்கிறது, எவர் சிக்கல் பேசப்படுகிறது என்பதை நிகழ்ச்சி ஆக்கமே முடிவுசெய்கிறது. எனவே ஊடக வரலாற்றாய்வு, அலைபரப்பிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதோடு அமையாமல், நிகழ்ச்சிகள் தோன்றிய இடத்தையும் அவற்றின் மொழியையும் சான்றாகக் கொள்ள வேண்டும். 650 பொதுப் பெட்டிகளுக்கென இயங்கிய பீஜ், எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சும்.