கோடையில் தெறிநீர்: பழைய சிறுவர் குளங்களுக்குத் தஞ்சையில் ஒரு மறுவாழ்வு

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுவதால், காவிரிப் படுகையில் ஆறும் வாய்க்காலும் வறண்டு கிடக்கும் மாதங்களிலேயே, பள்ளி விடுமுறையில் சிறுவர்கள் தண்ணீரைத் தேடி அலையும் கோடையும் வந்து சேர்கிறது. தண்ணீர் வந்த பின்னும் நிலைமை எளிதன்று. தஞ்சாவூர் நகரின் ஊடாக ஓடும் கல்லணைக் கால்வாயில், அதாவது மக்கள் வழக்கில் புது ஆற்றில், நீரின் விசை ஒருபுறமிருக்க, கான்கிரீட் பூசப்பட்ட சரிவுகளில் காலூன்றப் பிடிப்பு இல்லாததால் தவறி விழுந்தவர் கரையேறுவது கடினம். 2021-இல் உலகெங்கும் நீரில் மூழ்கி ஏறத்தாழ 3 லட்சம் பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இந்நிலையில், குழந்தைகள் அச்சமின்றி நனைந்து விளையாட ஒரு பொது இடம் அமைப்பதை ஆடம்பரச் செலவு என்று ஒதுக்குவது முறையன்று.

இத்தேவைக்கென முற்காலத்தில் பூங்காக்களில் கட்டப்பட்டவை, முழங்காலளவு நீரைத் தேக்கி வைக்கும் சிறுவர் குளங்கள். தேங்கிய நீர் எவ்வளவு ஆழமற்றதாயினும் தடுக்கி விழும் சிறு குழந்தைக்கு அது ஆபத்தே. அடியிலுள்ள வடிகால் வாயின் உறிஞ்சு விசையில் குழந்தைகள் சிக்கிய நிகழ்வுகளும் உண்டு. அமெரிக்காவில் அத்தகைய ஒரு சிறுமியின் மரணத்தை அடுத்து 2007-இல் வடிகால் மூடிகளுக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சியாட்டில் நகரம் தன் பழைய சிறுவர் குளங்கள் சிலவற்றைத் தெறிநீர்த் தளங்களாக மாற்றியிருக்கிறது. கைவிடப்பட்ட குளத்தை அப்படியே விட்டுவைப்பதோ, வடகிழக்குப் பருவமழை நீரைத் தேக்கிக் கொசு வளர்ப்பதற்கே உதவும்.

‘ஸ்பிளாஷ் பேட்’ எனப்படும் தெறிநீர்த் தளத்தில் நீர் தேங்குவதே இல்லை. வழுக்காத தரையில் பதித்த பீச்சுகுழல்களிலிருந்து நீர் மேலெழுந்து விழுந்தவுடனே, தரையின் மென்சரிவு வழியாக வடிகாலுக்குள் சென்றுவிடுகிறது. மூழ்கும் அபாயம் பெரிதும் நீங்குவதோடு, படியோ விளிம்போ இல்லாததால் சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாட முடிகிறது. பழைய குளத்தை இவ்வாறு மாற்றும்போது, அதன் தொட்டிப் பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, சரளை நிரப்பி இறுக்கி, மேலே புதிய கான்கிரீட் தளம் இடுவது ஒரு முறை. பள்ளத்தின் ஒரு பகுதியை நிலத்தடி நீர்த்தொட்டியாகவே வைத்துக்கொள்வது மற்றொரு முறை. ஏற்கெனவே உள்ள வடிகால், மின் இணைப்பு, பம்பு அறை ஆகியவை நல்ல நிலையில் இருப்பின் செலவு கணிசமாகக் குறையும்.

ஆயினும், வடிந்த நீர் எங்கே போகிறது என்பதே இத்தளத்தின் தகுதியை முடிவு செய்யும் கேள்வி. குடிநீரை நேரே பீச்சி, வடிந்ததைச் சாக்கடையில் விடுவது கட்டுவதற்கு எளிதும் மலிவும் ஆனது. எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 200 லிட்டர் பீச்சும் ஒரு தளம் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயங்கினால் 48,000 லிட்டர் செலவாகும். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்னும் அளவுகோலின்படி, இது 350-க்கும் மேற்பட்டோரின் ஒருநாள் தேவைக்குச் சமம். கொள்ளிடப் படுகையிலிருந்து குடிநீரை எடுத்துவரும் ஓர் ஊரில், அதுவும் ஆறு வறண்ட மாதங்களில், இதை ஏற்கவே இயலாது. நிலத்தடித் தொட்டியில் நீரைச் சேர்த்து, மணல் வடிகட்டியில் செலுத்தி, குளோரின் கலந்து மீண்டும் மேலேற்றும் சுழற்சி முறையே இங்குப் பொருந்தும். யாரும் இல்லாதபோது தானே நின்றுவிடும் பொத்தான் விசையும் வேண்டும்.

சுழற்சி முறைக்கு அதற்கேயுரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு குழந்தையின் உடலிலிருந்து கழுவப்படும் கிருமி அதே நீரோடு சுற்றிச்சுற்றி வந்து மற்ற எல்லாக் குழந்தைகளையும் அடையக்கூடும். துளித்துளியாகச் சிதறும் நீரில் வெயிலால் குளோரினும் விரைவில் குறைந்துவிடும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிரி, முறையாகக் குளோரின் இட்ட நீரிலும் ஒரு வாரத்திற்கு மேல் உயிர் வாழ வல்லது. 2005-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பூங்காவின் தெறிநீர்த் தளத்தால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றதற்கு இதுவே காரணம். அதன் பின் அம்மாநிலம் புற ஊதாக் கதிரால் நீரைத் தூய்மை செய்வதைக் கட்டாயமாக்கியது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் 2021-இல் மூளையைத் தாக்கும் அமீபாவால் ஒரு சிறு குழந்தை இறந்தபோது, தெறிநீர்த் தளத்தின் நீர்ப் பரிசோதனை ஒழுங்காக நடைபெறாதது வெளிப்பட்டது. அதே நோய் 2024-இல் கேரளத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்ததை எண்ணினால், இது தொலைதூரச் செய்தி அன்று என்பது விளங்கும்.

நீரைத் தெளிவித்துக் கைமாற்றி விடும் கலை தஞ்சைக்குப் புதியதன்று. பெரிய கோயிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பெய்த மழைநீர் சேவப்பநாயக்கன் ஏரியிலும் சிவகங்கைக் குளத்திலும் சேர்ந்து, வண்டல் படிந்து தெளிந்த பின், நிலத்தடி வழிகளின் மூலம் ஐயன்குளம் முதலிய ஊர்க்குளங்களை அடையுமாறு முன்னோர் அமைத்திருந்தனர். தூர்ந்துபோன ஐயன்குளம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ் சீரமைக்கப்பட்டபோது அவ்வழியும் மீட்கப்பட்டது. சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில், கான்கிரீட் கால்வாயாகக் கிடந்த காலாங் ஆற்றை 2012-இல் இயற்கை ஆறாக மாற்றியவர்கள், அந்நீரை நீர்த்தாவரப் படுகைகளில் வடித்து, புற ஊதாக் கதிரில் செலுத்தி, சிறுவர் நீர்விளையாட்டுத் தளத்திற்குப் பயன்படுத்தினர். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால், சிவகங்கைப் பூங்கா போன்ற ஓரிடத்தில் மழைநீரைச் சேமித்துக் கோடையில் சுழற்றுவதும், வடிகட்டியைக் கழுவிய நீரைக் குளோரின் நீங்கும்வரை திறந்த தொட்டியில் நிறுத்தி மரங்களுக்குப் பாய்ச்சுவதும் இயலாத காரியங்கள் அல்ல.

டெல்டாவின் எந்த மாநகராட்சியோ நகராட்சியோ இத்தகைய தளத்திற்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதும், பீச்சுகுழல்களின் எண்ணிக்கைக்கு முன்னதாகச் சுழற்சித் தொட்டி, புற ஊதா விளக்கு, பயிற்சி பெற்ற ஊழியர், ஐந்தாண்டுப் பராமரிப்பு நிதி ஆகியவற்றை நிபந்தனையாக எழுத வேண்டும். அன்றாடம் அளந்த குளோரின் அளவைத் தளத்தின் வாயிலில் பெற்றோர் படிக்கும்படி தமிழில் எழுதி வைக்கவும் வேண்டும்.