ஏழை மண்ணில் இருபத்தைந்து கிலோ விதை

நம் நாட்டு மருந்துக் கடைகளில் ‘கடல் தேங்காய்’ என்று ஒரு காய்ந்த பருப்பு விற்கிறார்கள். அது கடலில் விளைவதல்ல. இந்தியப் பெருங்கடலில் சீஷெல்ஸ் நாட்டின் பிராலின், கூரியூஸ் என்னும் இரண்டே தீவுகளில் இயற்கையாக வளரும் ஒரு பனையின் கொட்டை. 1768-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிராலினில் அந்த மரத்தைக் காணும்வரை, மாலத்தீவு போன்ற கரைகளில் ஒதுங்கிய வெற்று ஓடுகளைத்தான் வெளியுலகம் அறிந்திருந்தது. பச்சைக் காய் தண்ணீரில் மூழ்கிவிடும். உள்ளிருப்பது அழுகிப்போனால்தான் மிதக்கும். அதனால் கடல் கடந்து எங்கும் இது முளைக்கவில்லை.

தாவர உலகிலேயே பெரிய விதை இதுதான். எடை 25 கிலோ வரை போகும். இரண்டு தேங்காயை ஒட்டவைத்தது போன்ற வடிவம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும்.

இவ்வளவு பெரிய விதையைத் தாங்கும் மண்ணாவது வளமானதா என்றால், அதுவும் இல்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்த, கருங்கல் கரைந்த ஏழை மண். மரம் பிழைக்கும் சூட்சுமம் அதன் ஓலையில் இருக்கிறது. விசிறி மடிப்புள்ள அகன்ற ஓலையில் விழும் மழை, மடிப்பு வழியே மட்டைக்கு இறங்கி, தண்டோடு வழிந்து அடிமரத்துக்குப் போய்ச் சேருகிறது. ஓலைமேல் சேர்ந்த மகரந்தம், சருகு, பறவை எச்சம் எல்லாவற்றையும் அந்தத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. மழை பொழிவது காடு முழுக்க. உரம் சேர்வதோ தன் காலடியில். ஓலை உதிரும் முன்பே அதிலுள்ள மணிச்சத்தில் பெரும்பகுதியை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது. படு சிக்கனக்காரி!

விதை முளைக்கும் விதமும் விசித்திரம். கொட்டையிலிருந்து கயிறு போன்ற ஒரு தண்டு கிளம்பி, மண்ணுக்கடியில் சில மீட்டர் ஓடி, அங்கேதான் குருத்தை விடுகிறது. தாய்மரத்தின் நிழலில்தான் இது நடக்கிறது. கன்று காய்க்கும் பருவத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

பிராலினில் உள்ள வாலே தெ மே என்ற பனங்காடு, 1983 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். வெறும் 19.5 ஹெக்டேர்தான். இங்குள்ள மரப்பொந்துகளில் சீஷெல்ஸின் கருங்கிளி கூடு கட்டுகிறது. தீயும் காய்த் திருட்டும்தான் இந்தக் காட்டுக்குப் பெரிய அச்சுறுத்தல். சீஷெல்ஸுக்குப் போகிறவர்கள் கொட்டை வாங்க ஆசைப்பட்டால், அரசு அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாத கொட்டையை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், தொடாதீர்கள்.