வெளுத்ததெல்லாம் மாவுப்பூச்சியா?

மைசூர்ப் பட்டு என்றதும் பளபளக்கும் புடவைதானே நினைவுக்கு வருகிறது? அந்த நூலைத் தரும் பட்டுப்புழுவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மல்பெரி இலையைத் தவிர வேறு எதையும் தின்னாது. கூடு கட்டும் வரை, சுமார் 25 நாட்கள், தின்பதுதான் அதற்கு வேலை. ஆகவே மைசூரு, மண்டியா, சாமராஜநகர் பக்கம் பட்டு வேண்டும் என்பவர்கள் முதலில் நல்ல மல்பெரி இலையை வளர்த்தாக வேண்டும்.

அந்த இலைக்குப் புழுவைத் தவிர இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. பெயர் மாவுப்பூச்சி.

மல்பெரித் தோட்டத்தில் சில செடிகளின் நுனிக்குருத்து மட்டும் சுருண்டு, தடித்து, கரும்பச்சையாகிக் குட்டையாக நிற்கும். இதைத் துக்ரா என்பார்கள். சுருண்ட இலையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்கும். வெள்ளையைத் துடைத்தால் இளஞ்சிவப்பு உடல் தெரியும். முழுதாக வளர்ந்த பெண் பூச்சியே 3 மில்லிமீட்டர்தான். அதற்கு இறக்கை கிடையாது. ஊசி போன்ற வாயைச் செடிக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சும். அப்போது உள்ளே போகும் எச்சில்தான் இலையைச் சுருட்டிவிடுகிறது. ஆண் பூச்சிக்கோ இறக்கை உண்டு, ஆனால் வளர்ந்தபின் தின்ன வாய் கிடையாது! ஓரிரு நாள் வாழ்ந்துவிட்டுப் போய்விடும்.

பெண் பூச்சி பஞ்சு போன்ற ஒரு பையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. காற்றிலும், எறும்பின் மேலும், ஆட்களின் துணியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும். எறும்பு ஏன் இதைச் சுமக்கிறது என்கிறீர்களா? மாவுப்பூச்சி உறிஞ்சிய சாற்றில் மிச்சமாகும் சர்க்கரையை இனிப்புத் துளியாக வெளியே விடும். எறும்புக்கு அது விருந்து. அந்த ஆசையில் பூச்சியை அண்ட வரும் எதிரிகளை எறும்பே விரட்டும். இலையில் வழிந்த இனிப்பின் மேல் கரும்பூசணம் படரும். ஆகவே ஒரு செடியில் எறும்புச் சாரி ஏறுவதையும் இலை கறுத்திருப்பதையும் பார்த்தால், மேலே வெள்ளைக் கூட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மருந்து அடித்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அந்த வெள்ளை மாவு உண்மையில் மெழுகு, தண்ணீர் ஒட்டாது. தெளித்த மருந்து வழிந்து ஓடிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், பட்டுப்புழுவும் ஒரு பூச்சிதான். மாவுப்பூச்சியைக் கொல்லும் மருந்து இலையில் தங்கினால் அதைத் தின்ற புழுவும் செத்துப்போகும். அந்தத் தோட்டத்து விவசாயியைப் பொறுத்தவரை அது நோயைவிட மோசமான வைத்தியம்.

மைசூருவில் மத்தியப் பட்டு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் சொல்லும் முதல் வழி எளிமையானது: சுருண்ட குருத்தை வெட்டி, கீழே போடாமல் பையில் சேர்த்து எரித்துவிடுவது. அடுத்தது ஒரு பொறிவண்டு. அதன் பெயர் கிரிப்டோலேமஸ். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. காப்பிச் செடியின் பூச்சிகளை ஒழிக்க 1898-இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இறக்கை கறுப்பு, தலை ஆரஞ்சு, புள்ளி ஒன்றும் இராது. ஆய்வகத்தில் இதை வளர்க்கும் விதம் வேடிக்கையானது. மஞ்சள் பூசணிக்காயின் மேல் வேண்டுமென்றே மாவுப்பூச்சியைப் பெருக்கி, அதை வண்டுக்குச் சாப்பாடாக வைப்பார்கள்.

இந்த வண்டு தன் முட்டையை மாவுப்பூச்சியின் முட்டைப் பைக்குள்ளேயே இட்டுவிடும். அதிலிருந்து வரும் புழுவுக்கும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகள்! பார்த்தால் பெரிய மாவுப்பூச்சி என்றே நினைப்போம். விவரம் தெரியாதவர் இதையும் சேர்த்து நசுக்கிவிடுவார். வித்தியாசம் காண்பது கடினமில்லை. வண்டின் புழு 13 மில்லிமீட்டர் வரை வளரும், இழைகள் நீளமாகத் தொங்கும், குச்சியால் லேசாகத் தொட்டால் விறுவிறுவென்று நடக்கும். மாவுப்பூச்சி சிறியது, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

2008-இல் வேறொரு மாவுப்பூச்சி வந்தது. மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை, மரவள்ளி, மல்பெரி என்று தாவி, கர்நாடகத்துக்கும் போனது. தன் ஊரில் அதை அடக்கி வைத்திருந்த எதிரிகள் இங்கே இல்லாததால்தான் இந்த ஆட்டம். அந்த எதிரிகளையே வரவழைத்தார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகள் பெங்களூரு வந்தன. வேறு நல்ல பூச்சிகளைத் தொடுமா என்று தனியே பூட்டி வைத்துச் சோதித்த பிறகே வயலில் விட்டார்கள். மூன்றில் சாதித்தது அசெரோஃபேகஸ் பப்பாயே. கடுகைவிடச் சிறிய இந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, காய்ந்த கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியேறும். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பப்பாளி மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கியது. என்னைக் கேட்டால், எந்த மருந்து டப்பாவும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

துக்ராவைக் கொண்டுவரும் அந்த இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி உங்கள் வீட்டுச் செம்பருத்தியிலும் வரும். வந்தால் குழாயைத் திறந்து தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். சுருண்ட நுனியை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்து, வேகமாக நடக்கும் வெள்ளைப் புழு இருந்தால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிடுங்கள். மருந்து டப்பாவை நீங்கள் தொடவே வேண்டாம்.