அறைக்குள்ளே ஹீட்டர்... வண்டிக்குள்ளே டிரைவர்!

டிசம்பர் மாத இரவு, மணி பதினொன்று. கொடைக்கானல் ஏரிக்குச் சற்று மேலே ஒரு லாட்ஜ். மாடி அறையில் கீஸர் சுடுதண்ணீர், இரண்டு கம்பளி, ரூம் ஹீட்டர். குழந்தைகள் போர்வைக்குள் சுருண்டுவிட்டார்கள். கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் வேனின் பின்சீட்டை மடக்கி, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒருவர் படுக்க இடம் பார்க்கிறார். காலையில் மதுரையிலிருந்து இந்தக் குடும்பத்தைப் பத்திரமாக மேலே கொண்டுவந்த டிரைவர் அவர்தான்.

"அண்ணே, உங்களுக்கு ரூம் பார்க்கலையா?" என்று கேட்டால், "அதெல்லாம் வேண்டாம் சார், வண்டியிலேயே படுத்துக்கிறேன்" என்பார். பெரும்பாலான டிரைவர்களின் பதில் இதுதான். சுமார் 7,000 அடி உயரத்தில், மார்கழிக் குளிரில், இரும்புக் கூட்டுக்குள் தூங்குவது யாருக்கும் விருப்பமாக இருக்க முடியாது. வேறு வழி இல்லாததால் வரும் பதில் அது.

தோள்களில் ஏறிய ஊர்

கொடைக்கானலின் சொகுசு தொடக்கத்திலிருந்தே அடுத்தவர் தோளில் ஏறி வந்ததுதான். மதுரைச் சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள், 1845-ல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது மலைக்குச் சாலை கிடையாது. 1875-ல் ரயில் வந்த பிறகும், இன்று கொடைரோடு எனப்படும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் உள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்குப் போக வேண்டும். அங்கிருந்து குதிரையில் ஏறலாம். இல்லையென்றால் நாற்காலியிலோ டோலியிலோ உட்கார, மலை தெரிந்த ஆட்கள் தூக்கிச் செல்வார்கள். பெட்டி படுக்கை, பாத்திரம், மளிகை எல்லாம் தலைச்சுமைதான்.

1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்து ஏரியை உருவாக்கினார். அதில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்று ஊர் வரலாறு சொல்கிறது. கடலோரத்துப் படகு மலையேறியதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதைச் சுமந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை.

முதல் உலகப்போர் காலத்தில் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை வந்தது. டோலி தூக்கியவர்களின் வேலை மெல்ல மெல்ல ஸ்டீயரிங் பிடிப்பவர்களின் கைக்கு மாறியது.

கப்பலில் இருக்கும் விதி

சொகுசுக் கப்பலில் போனவர்கள் கேபின் சேவையைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள். காலையில் வெளியே போய்த் திரும்புவதற்குள் படுக்கை விரித்திருக்கும், டவல் மாற்றியிருக்கும். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அப்படி ஒரு கப்பல் புறப்பட்டபோது, தமிழ்நாட்டுக் குடும்பங்களும் அந்தச் சேவையை ருசி பார்த்தன.

அந்தச் சேவைக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. 2006-ல் உருவாகி, 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் ஊழியருக்கும் தூங்க இடம் எப்படி இருக்க வேண்டும் என்று வகுக்கிறது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஒரு வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு என்பது அதன் பொதுவான அளவு. ஊழியர் தூங்கினால்தான் கப்பல் பத்திரமாகக் கரை சேரும் என்பதுதான் காரணம். இந்தியாவும் இதை ஏற்றிருக்கிறது.

மலைச்சாலைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கொண்டை ஊசி வளைவில் தூக்கக் கலக்கத்துக்கு இடமே இல்லை. இறங்கும்போது கியரைக் குறைத்து, பிரேக் சூடாகாமல் பார்த்து, எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு, பனிமூட்டத்தில் விளிம்பையும் கவனிக்க வேண்டும். முந்தைய இரவு இரண்டு மணி நேரம்தான் தூங்கியவரின் கையில் அப்போது மொத்தக் குடும்பமும் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் விதி உண்டு

பலருக்குத் தெரியாத செய்தி இது. 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஹோட்டல்களும் லாட்ஜ்களும், விருந்தினரின் வாகன ஓட்டுநர்களுக்குப் படுக்கை, கழிப்பறை, குளியலறையுடன் தங்குமிடம் தர வேண்டும். அந்த இடம் வளாகத்துக்குள்ளேயோ 250 மீட்டருக்குள்ளேயோ இருக்க வேண்டும்.

ஆனால், பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டிய லாட்ஜில் இந்த வசதி இருக்கிறதா என்பது கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டியவர்கள், அறைக்குப் பணம் கட்டும் நாம்தான்.

புக்கிங் செய்யும் முன்...

* வியூ இருக்கிறதா, சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு என்று கேட்கும் அதே போனில், "டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கா? பாத்ரூம் இருக்கா?" என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு வசதி வந்துவிடும்.

* "அதான் பேட்டா கொடுக்கிறோமே" என்று விட்டுவிடாதீர்கள். பேட்டா சாப்பாட்டுச் செலவுக்கே சரியாகிவிடும். சீஸன் நேரத்து அறை வாடகைக்கு அது எந்த மூலைக்கு? தங்கும் செலவு யாருடையது என்பதை வண்டி பேசும்போதே பேசிவிடுங்கள்.

* தங்குமிடம் இல்லையென்றால், பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துக் கொடுங்கள். குடும்பத்தில் எல்லோரும் பங்கிட்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான்.

* இரவு பத்து மணிக்கு மேல் "ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா" என்று அவரை எழுப்ப வேண்டாம். காலை ஐந்து மணிக்கு சூரிய உதயம் பார்க்கப் போவதென்றால் முந்தைய நாள் மாலையே அவரை விட்டுவிடுங்கள்.

* இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டிக்குள் தூங்குவது ஆபத்து. அறைக்குள் கரி அடுப்பு வைப்பதும் அப்படியே. இரண்டிலும் வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கரிப்புகையால் கொடைக்கானலிலேயே உயிர்கள் போயிருக்கின்றன.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. இனி எத்தனை பேர் போகிறோம் என்று வீட்டில் விரல்விட்டு எண்ணும்போது, அவரையும் சேர்த்தே எண்ணுங்கள்.

மறுநாள் காலை, நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் கழுவி, சூடாக ஒரு டீ குடித்துவிட்டு அவர் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைப்பார். பெருமாள்மலை தாண்டி, வளைவு வளைவாக வண்டி இறங்கும். பின்சீட்டில் பாட்டி நிம்மதியாகக் கண் அயர்வார்.