பிறந்த கன்றும் மூத்திரப்பையும்: ஆண், பெண் வேறுபாடு

கன்று பிறந்தவுடன் அது எழுந்து நின்றதா, சீம்பால் குடித்ததா என்று குடியானவர்கள் கவனிப்பது வழக்கம். நீர் விட்டதா என்று கவனிப்பவர் மிகச் சிலரே. இக்கவனக் குறைவினால் நல்ல குட்டிகள் சில வீணே மடிகின்றன.

கருப்பையில் இருக்கும்போது குட்டியின் மூத்திரம் பெரும்பாலும் கொப்பூழ்க் கொடியிலுள்ள ஒரு குழாய் வழியாகவே வெளிச் செல்லும். கொடி அறுந்ததும் அக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிடில் கொப்பூழில் நீர் கசியும்; அவ்வழியே நோய்க் கிருமிகளும் உட்புகும்.

பிறந்த குட்டியின் மூத்திரப்பைத் தசை, முதிர்ந்த பிராணியின் தசையைப் போன்றதன்று. எலிக்குஞ்சுகளில் அத்தசை மூளையின் ஏவலின்றித் தானாகவே சுருங்கி விரிவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பூனைக்குட்டிகளும் எலிக்குஞ்சுகளும் தாய் பின்புறத்தை நக்கினால்தான் நீர் விடும். வளர வளர மூளை அவ்வேலையை ஏற்றுக்கொள்கிறது.

ஆண், பெண் வேறுபாடு குதிரைக் குட்டிகளில் தெளிவாகத் தெரிகின்றது. ஆண்குட்டி பிறந்து சராசரி 6 மணி நேரத்திலும், பெண்குட்டி ஏறக்குறைய 11 மணி நேரத்திலும் முதல் நீர் விடுகின்றன. ஆயினும் மூத்திரப்பை வெடித்தல் ஆண்குட்டிகளிடமே மிகுதி. அவற்றின் நீர்த்தாரை நீண்டும் குறுகியும் இருப்பதால், பிரசவ நெருக்குதலின்போது நிறைந்த பையிலுள்ள நீர் எளிதில் வெளியேறாமையே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இரண்டு மூன்று நாட்களில் குட்டி சோர்ந்து, பால் மறுத்து, அடிக்கடி முக்கும், வயிறு உப்பும்.

காளைக் கன்று, கிடாக்குட்டி ஆகியவற்றின் நீர்த்தாரை 'எஸ்' எழுத்தைப் போல் வளைந்து செல்கிறது. கிடாவுக்கு நுனியில் புழுப்போன்ற மெல்லிய குழலும் உண்டு. வளர்ந்தபின் கல்லடைப்பு பெரும்பாலும் இவ்விடங்களிலேயே நேர்கிறது. கிடேரிக்கும் பெட்டைக்கும் வழி குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் சிறு கற்கள் வெளியேறிவிடும். மிக இளமையில் காயடித்தால் நீர்த்தாரை போதிய அளவு அகலாது.

ஆதலின் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. குட்டி முதலில் நீர் விட்ட நேரத்தைக் குறித்துக்கொள்க.
2. கொப்பூழில் உடனே டிங்க்சர் அயோடின் தடவுக.
3. கொப்பூழில் நீர் கசிந்தாலும், குட்டி நீர் விடாமல் முக்கினாலும் தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை அழைக்க. வயிற்றை அமுக்கிப் பார்த்தல் ஆபத்து.
4. வளரும் கிடாக்களுக்குத் தவிட்டையே மிகுதியாக வைக்கலாகாது. அதில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பன்மடங்கு அதிகம். முழுத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 2 பங்குக்குப் பாஸ்பரஸ் 1 பங்கு என்பது நல்ல அளவு.
5. சுத்தமான தண்ணீர் எந்நேரமும் கிடைக்கச் செய்க. தீவனத்தில் சிறிது உப்புச் சேர்த்தால் பிராணி அதிக நீர் அருந்தும்.

வெடித்த மூத்திரப்பையைச் சத்திர சிகிச்சையால் தைக்கக் கூடும். ஆனால் அது காலத்தோடு அறியப்பட வேண்டும். கிராம அதிகாரிகள் இச்செய்தியை ஆடுமாடு வளர்ப்போர் யாவருக்கும் எடுத்துரைப்பின், ஈற்றுக் காலத்தில் நேரும் நஷ்டம் பெரிதும் குறையும்.