ஐந்து ஓட்டையும் சரியாக இருந்தால் போதுமா?
(பழைய ஜீப்புக்கு வீல் தேடுவது பற்றி)

இந்தச் சுவரில் யானை, தேயிலை, மழை என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் ஜீப் வீல் பற்றி எழுதப்போகிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேட்கவும்.

நம்ம தேவாலாவில் பழைய ஜீப் இல்லாத எஸ்டேட் ரோடு கிடையாது. எங்கள் லயனுக்கு பஸ் வராது. ராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி என்றால் என் மாமாவின் ஜீப்தான் போக வேண்டும். அந்த ஜீப்பின் முன் வீல் ஒன்றில், போல்ட் ஓட்டையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. சேற்றைக் கழுவியபோதுதான் தெரிந்தது. வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். மெக்கானிக் அண்ணன் முடியாது என்றுவிட்டார். போல்ட் பக்கத்தில் விரிசல் விட்ட டிஸ்க்கை வெல்டிங் செய்தால், சூட்டில் அந்த வெல்டிங்குக்குப் பக்கத்து இரும்பு முன்னைவிட மோசமாகிவிடுமாம். இறக்கத்தில் வீல் கழன்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கதி என்ன? அதனால் வேறு வீல் தேட ஆரம்பித்தோம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஓட்டிய வில்லிஸ் ஜீப்தான் இந்த ஜீப்புக்கெல்லாம் பாட்டன். 1940களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி அதைப் பாகம் பாகமாக இறக்கி பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. பிறகு நம் நாட்டிலேயே பல வருஷம் தயாரித்தார்கள். அதன் வீல் 16 அங்குலம், ஐந்து ஓட்டை. டயர் 6.00-16, அதாவது 6 அங்குல அகலம், 16 அங்குல ரிம்.

இரும்பு வீல் ஒரே துண்டு என்று நினைக்காதீர்கள். டயர் உட்காரும் வளையம் ரிம். நடுவில் ஓட்டைகள் உள்ள தட்டு டிஸ்க். இரண்டையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். சேறும் தண்ணீரும் அந்த மூட்டில்தான் தங்கும். நம்ம ஊர் மழைக்கு அங்கே துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்! பழைய வீல் வாங்கும்போது பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காமல் அந்த மூட்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

இனி அளவுக்கு வருவோம். ஐந்து ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பி.சி.டி. மெக்கானிக்குகள் எப்போதும் இதைத்தான் கேட்பார்கள். ஜீப்புக்கு அது ஐந்தரை அங்குலம், 139.7 மில்லிமீட்டர். நான்கு ஓட்டை வீல் என்றால் எதிர் எதிர் ஓட்டைகளை நேராக அளந்துவிடலாம். ஐந்து ஓட்டை என்றால் எதிரில் ஓட்டையே இல்லையே, என்ன செய்வது?

இங்கேதான் நம்ம கணக்குப் பாடம் வந்தது. ஒரு ஓட்டை விட்டு அடுத்த ஓட்டை வரை அளந்தால் அது வட்டத்தின் ஒரு நாண். 360ஐ 5ஆல் வகுத்தால் 72 பாகை. ஒன்று விட்டு ஒன்று என்றால் மையத்தில் 144 பாகை. அதில் பாதி 72. சைன் 72 பாகை 0.951. ஆகவே நாணை 0.951ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். இதெல்லாம் தலைவலி என்றால் 1.05ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், போதும். நான் அளந்தபோது 133 மில்லிமீட்டர் வந்தது. பெருக்கிப் பாருங்கள்: 139.65! ஓட்டையின் மையம் எங்கே என்று தேடவும் வேண்டாம். ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து மற்ற ஓட்டையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவே மையத்துக்கு மையம். கணக்கு டீச்சரிடம் காட்டினேன், சரி என்றார்கள்.

இந்த அளவு பொருந்தினால் வேலை முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரு கடையில், "பொலிரோ வீலும் அதே பி.சி.டி.தான், ஒண்ணு மாட்டிக்குங்க" என்றார்களாம். அது உண்மைதான். ஐந்து போல்ட்டும் அழகாக உள்ளே போகும். பொலிரோ வீலும் நல்ல வீல்தான். ஆனால் அது 15 அங்குலம். அதன் டயர் 215/75 ஆர் 15. 215இல் நூற்றுக்கு 75 பங்கு 161 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு மடங்கு 322. அதோடு 15 அங்குலமான 381ஐக் கூட்டினால் சுமார் 70 செ.மீ. உயரம். 6.00-16 டயரோ சுமார் 73 செ.மீ. மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரு சுற்றுக்கு 9 செ.மீ.க்கு மேல் வித்தியாசம், பத்துச் சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்! ஒரு பக்கம் சின்ன வீல், மறுபக்கம் பெரிய வீல் என்றால் ஓடும் நேரம் முழுவதும் உள்ளே பல்சக்கரம் சும்மா தேயும். நான்கு சக்கரமும் இழுக்கும்படி கியர் போட்டால் இன்னும் கஷ்டம். பழைய ஜீப்பில் அப்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். சேற்றில் சறுக்கிச் சமாளித்துவிடும், தார் ரோட்டில் கியர் பெட்டி திணறும். மாற்றினால் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தையும் மாற்ற வேண்டும். அதற்கு மாமாவிடம் காசு ஏது?

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து டிஸ்க் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இது மாறினால் டயர் உள்ளே போய் பட்டையிலோ ஸ்டீரிங் ராடிலோ உரசும், இல்லாவிட்டால் வெளியே துருத்திக்கொண்டு பேரிங்குக்குச் சுமை ஏற்றும். நேரான கட்டை ஒன்றை ரிம்மின் உள் விளிம்பில் குறுக்கே வைத்து, அங்கிருந்து டிஸ்க் வரை ஆழம் அளந்து, பழைய வீலோடு ஒப்பிட வேண்டும். நடு ஓட்டையும் ஹப் நுழையும் அளவு இருக்க வேண்டும்.

நட்டையும் கவனியுங்கள். அதன் அடி கூம்பு மாதிரி இருக்கும். ஓட்டையின் விளிம்பும் அதே சரிவில் இருந்தால்தான் வீல் நடுவில் உட்காரும். லூஸாக ஓடிய வீலில் ஓட்டைகள் முட்டை வடிவமாகியிருக்கும். அதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

மாமா கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் தேடினார். (சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள்.) நான் எழுதிக்கொடுத்த அளவுச் சீட்டும் அளவு நாடாவும் கையில் இருந்தன. குவியலில் பதினொரு வீலைப் புரட்டியதில் இரண்டுதான் தேறின. ஒன்றை வாங்கி வந்தார்.

டயர் போடாமல் வெறும் வீலை மாட்டி, கையால் சுற்றி, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்தார் அண்ணன். எங்கேயும் உரசவில்லை. நட்டுகளை வரிசையாக முறுக்காமல், நட்சத்திரம் வரைகிற மாதிரி ஒன்று விட்டு ஒன்று முறுக்கினார். பழைய வில்லிஸ் ஜீப்பில் இடது பக்க நட்டுகளுக்கு மரை தலைகீழாக இருக்கும். தெரியாதவர்கள் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கி போல்ட்டையே உடைப்பார்களாம்!

புது வீல் போட்டால் கொஞ்ச தூரம் ஓடியதும் நட்டை மறுபடி முறுக்க வேண்டும். மாமா கூடலூர் போய்த் திரும்பியதும் முறுக்கினார். இரண்டு நட்டு கால் சுற்று உள்ளே போனது.