கழுநீர்த் தொட்டி முதல் கழிவறைத் தொட்டி வரை: இல்லத்து நீர்ச்சிக்கனம் குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வீட்டில் நீரைச் சேமிப்பது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் குழாயை மூடுவதோடு நின்றுவிடுகின்றன. பழைய தமிழக வீடு நீரைத் தரம் பிரித்துப் புழங்கியது. இன்றைய நகர வீடு ஒரே தர நீரை எல்லா வேலைகளுக்கும் செலுத்தி, எல்லாக் கழிவையும் ஒரே குழாயில் கலந்துவிடுகிறது. இவ்வேறுபாட்டைச் சொற்களின் வழியாகவும் அளவுகளின் வழியாகவும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. சென்னை நகரம் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கழுநீர், அங்கணம், புழங்குநீர், கூரைநீர், நிலத்தடி நீர், சென்னை.

முன்னுரை

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நான்கு ஆண்டுகள் முடிவதற்குள், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு ஒரு தொடர்வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்னும் வழக்கமான நகரக் கணக்கின்படி அந்நீர் ஏறத்தாழ 18,500 பேருக்கு ஒரு நாளைக்குப் போதும். நகரின் மக்கள்தொகையோடு ஒப்பிட அது மிகச் சிறிது. ஏரி, ஆறு, கடல்நீர் குடிநீராக்கம் முதலியவை பற்றிய விவாதம் அதன்பின் பெருகியது. அந்த 135 லிட்டர் வீட்டுக்குள் நுழைந்தபின் எந்த வழியில் செல்கிறது என்னும் வினா அவ்வளவாக எழவில்லை.

தரம் பிரித்த வீடு

நீர் வீட்டுக்குள் எத்தனை நிலைகளைக் கடந்தது என்பதற்குத் தமிழ்ச் சொற்களே சான்றாகின்றன. குடிநீர் வேறு, புழங்குநீர் வேறு. பல ஊர்களில் குடிப்பதற்கு ஊருணி நீரும், குளிக்கவும் துவைக்கவும் வீட்டுக் கிணற்று நீரும் பயன்பட்டன. கலங்கல் நீரானால் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துத் தெளியவைப்பர். அரிசி களைந்த நீர் கழுநீர் எனப்பட்டது. குவளை மலருக்கும் கழுநீர் என்னும் பெயர் உண்டு; அது வேறு சொல்லாட்சி. அடுக்களைக் கழுநீர் வீணாக ஊற்றப்படவில்லை. மாடு வைத்திருந்த வீட்டில் கழுநீர்த் தொட்டி இருந்தது. மாடில்லாத வீட்டார் தங்கள் கழுநீரையும் வடிகஞ்சியையும் அண்டை வீட்டுத் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றினர். ஒரு வீட்டின் கழிவு மற்றொரு வீட்டின் மாட்டுக்குத் தீனியான இவ்வழக்கம், இன்று 'மறுபயன்பாடு' என்று அழைக்கப்படுவதன் மிக எளிய வடிவமாகும்.

அதற்கடுத்த நிலை அங்கணம். பாத்திரம் துலக்கிய நீரும் கைகால் கழுவிய நீரும் விழும் இடம் அது. திருக்குறளில் (720) இச்சொல் தூய்மையற்ற முற்றத்தைக் குறிக்கும் உவமையாக வருகிறது. ஆனால் வீட்டமைப்பில் அங்கணத்து நீர் ஓடிய இடத்தையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். கொல்லையில் வாழையும் சேம்பும் அந்நீரிலேயே வளர்ந்தன. சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கிய நீர் மண்ணுக்குப் பெரும் கேடு செய்யவில்லை. இன்றைய சலவைத்தூள் கலந்த நீரைப் பற்றி அவ்வாறு சொல்லிவிட முடியாது.

கூரைநீரும் இவ்வரிசையில் அடங்கும். செட்டிநாட்டு வீடுகளில் சாய்ந்த ஓட்டுக் கூரையின் நீர் நடுமுற்றத்தில் இறங்கும். மழைக்காலத்தில் முதல் மழை கூரைத் தூசியைக் கழுவி ஓடிய பின், அண்டாக்களையும் பெரிய பாத்திரங்களையும் வைத்து அந்நீரைப் பிடித்தனர். தெருவில் ஓடிய நீர் வாய்க்கால் வழியே ஊருணியை அடைந்தது. மழை குறைந்த அந்த நிலப்பகுதியில் வீடும் தெருவும் ஊருணியும் ஒரே அமைப்பின் உறுப்புகளாகவே திட்டமிடப்பட்டன. நிலத்தடி நீரை வீட்டருகே பெறும் முயற்சி இதனினும் பழையது. கீழடி அகழாய்வில் சுடுமண் உறைகளாலான கிணறுகள் வெளிப்பட்டுள்ளன. பட்டினப்பாலையும் உறைக்கிணற்றைக் குறிப்பிடுகிறது.

இதனைப் பொற்காலமாகக் கொள்வதற்கில்லை. அச்சிக்கனத்தின் பெரும்பகுதி, நீரை இறைத்துச் சுமந்த உழைப்பின் விளைவு. அவ்வுழைப்புப் பெண்களுடையது. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் எடுக்க உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்குச் சிக்கனம் பண்பாடாக அமையவில்லை. அவர்கள்மீது சுமத்தப்பட்ட தண்டனையாகவே இருந்தது. எடுத்துக்கொள்ளத் தக்கது, நீரைத் தரம் பிரிக்கும் அந்த அமைப்பு மட்டுமே.

ஒரே குழாய்

நகர வீட்டில் குழாயும் மின்மோட்டாரும் வந்தபின் இப்பிரிவு மறைந்தது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீரே சமைக்கவும், தரை துடைக்கவும், மலத்தை அடித்துச்செல்லவும் பயன்படுகிறது. 135 லிட்டர் என்னும் அளவில் 45 லிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு, கழிவறைக்கென்றே ஒதுக்கப்படுகிறது. குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரிக்கப்பட்ட நீர் இவ்வாறு செலவாவது, கழுநீர்த் தொட்டி வைத்திருந்த தலைமுறைக்குப் புரியாத கணக்காகவே இருந்திருக்கும்.

வீட்டு நீர்ச்சிக்கனம் என்றவுடன் சொட்டும் குழாயின் படமே சுவரொட்டிகளில் இடம்பெறுகிறது. அதன் உண்மை அளவு என்ன? நொடிக்கு ஒரு சொட்டு எனக் கொண்டால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். சொட்டின் பருமனைப் பொறுத்து இது 4 லிட்டர் முதல் 20 லிட்டர் வரை அமையும். இழப்புதான், ஐயமில்லை. ஆனால் ஒருமுறைக்கு 10 லிட்டரைக் கொட்டும் பழைய கழிவறைத் தொட்டியை நால்வர் நாளுக்கு ஐந்து முறை பயன்படுத்தினால் 200 லிட்டர் செலவாகிறது. 6 லிட்டர், 3 லிட்டர் என இரண்டு பொத்தான்கள் கொண்ட தொட்டியில் அதே பயன்பாடு 72 லிட்டரில் முடிகிறது. நாளொன்றுக்கு 128 லிட்டர் மிச்சம். ஓசையின்றி உள்ளே கசியும் தொட்டி இதனினும் கேடு. மஞ்சள் நீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு அரைமணி கழித்துப் பார்த்தால், யாரும் பொத்தானை அழுத்தாமலே கீழே பீங்கானில் நிறம் தெரியும், கசிவு உறுதிப்படும். மாடித் தொட்டி நிரம்பி வழிவதும் இவ்வகையினதே. நிமிடத்துக்கு 40 லிட்டர் ஏற்றும் மோட்டாரை ஒருவர் கால்மணி நேரம் மறந்தால் 600 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. சுவரொட்டிக்கு இவை நல்ல படமாவதில்லை போலும்.

எதிர்ச்சவ்வூடு முறையில் இயங்கும் வீட்டுக் குடிநீர்க் கருவிகள் மற்றொரு புதிய கணக்கைக் கொண்டுவந்துள்ளன. ஒரு லிட்டர் குடிநீர் தர இரண்டு அல்லது மூன்று லிட்டரை வெளியேற்றும் கருவிகள் பரவலாக உள்ளன. வெளியேறும் நீரில் உப்பு செறிந்திருப்பதால் அதனைத் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றுதல் நன்றன்று. தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது தடையின்றிப் பயன்படும். கரைந்த உப்பு குறைவாக உள்ள நீருக்கு இக்கருவியே தேவையில்லை என்பது பல வீடுகளில் நினைத்துப் பார்க்கப்படுவதில்லை.

கூரையும் நிலமும்

2003ஆம் ஆண்டு தமிழக அரசு கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதன் பயனை மதிப்பிடச் சிறு கணக்கு ஒன்று போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை எனக் கொண்டால், 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர் கூரையில் 1,30,000 லிட்டர் விழும். ஆவியாதல், சிதறல் முதலியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 1,04,000 லிட்டர் எஞ்சும். நால்வர் குடும்பத்தின் ஆண்டுத் தேவை 1,97,100 லிட்டர். தனிவீடாயின் கூரை பாதித் தேவையை ஈடுசெய்கிறது. அதே பரப்பில் நான்கு தளங்கள் எழும்பினால் ஒரு குடும்பத்தின் பங்கு 26,000 லிட்டராகச் சுருங்கும். கூரைநீர் ஒன்றே அடுக்ககங்களைக் காக்கும் என்னும் நம்பிக்கைக்கு இடமில்லை. அங்குக் குளியல் நீரையும் துணி அலசிய நீரையும் கழிவறைக்குத் திருப்புதலே பெரிய சேமிப்பு.

மழை எப்படிப் பெய்கிறது என்பதும் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் அக்கூரையில் 9,300 லிட்டர் விழும். எந்த வீட்டுத் தொட்டியும் ஓரிரு நாளில் நிறைந்துவிடும். எனவே பெரும்பகுதியை ஏற்கும் கொள்கலன் நிலமே. கூழாங்கல்லும் மணலும் இட்ட வடிகட்டியைக் கடந்து, நீர் பழைய திறந்த கிணற்றிலோ கசிவுக்குழியிலோ இறங்க வேண்டும். களிமண் பகுதியில் வெறும் குழி பயன்தராது. களியடுக்கைத் துளைத்துக் கீழுள்ள மணலடுக்கை எட்டும் துளையும் தேவை. சட்டத்துக்காக அமைக்கப்பட்டுப் பின்னர் துப்புரவு செய்யப்படாத குழிகளில் நுண்சேறு படிந்து, சில ஆண்டுகளில் நீர் இறங்காமல் போகிறது. பருவத்துக்கு முன் மேல்மணலைச் சுரண்டி எடுத்து மாற்றுவது ஒரு நாள் வேலைதான்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் இதற்குத் தனி இன்றியமையாமை உண்டு. அங்கு நிலத்தடி நன்னீர், அடர்த்தி மிகுந்த உவர்நீரின்மேல் மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகியோர் கண்ட விதிப்படி, நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீட்டர் இறங்கிய நிலை நீடித்தால், கீழே உவர்நீர் அதன் 40 மடங்கு ஏறிவரக்கூடும். மீஞ்சூர் வட்டாரத்தில் மிகையாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது இவ்வாறே. கடலோர வீட்டார் கிணற்றில் இறக்கும் மழைநீரின் பயனை அதன் லிட்டர் அளவு முழுமையாகக் காட்டாது.

யாருடைய சிக்கனம்

நீர்ச்சிக்கன அறிவுரை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதையும் காண வேண்டும். தெருவில் லாரி வரும் நேரத்துக்குக் காத்திருந்து, நெகிழிக் குடங்களில் நீர் பிடிக்கும் குடும்பம் 135 லிட்டரைக் காண்பதே அரிது. அங்குக் குளித்த நீரால் வாசல் கழுவப்படுகிறது; துணி அலசிய நீர் கழிவறைக்குச் செல்கிறது. எவரும் கற்பிக்காமலே நீர் தரம் பிரிக்கப்படுகிறது, பெரும்பாலும் அக்குடும்பத்துப் பெண்ணின் கைகளால். மாறாக, ஆழ்துளைக் கிணறும் நிலத்தடித் தொட்டியும் உள்ள அடுக்ககத்தில் எவ்வளவு செலவாகிறது என்பதே வீட்டாருக்குத் தெரிவதில்லை. லாரிக்கான தொகை பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்து, எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. மூன்று வாளியில் குளிப்பவரும் அரைமணி நேரம் தூவிக்குழாயின் கீழ் நிற்பவரும் ஒரே தொகையைச் செலுத்துகின்றனர்.

வீட்டுக்கு ஒரு மீட்டர் பொருத்தினால் போதும் என்று தோன்றலாம். பழைய அடுக்ககங்களில் மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனிக் குழாய் இறங்குகிறது. ஒரு வீட்டுக்கே மூன்று முதல் ஐந்து மீட்டர்கள் தேவைப்படும். புதிதாகக் கட்டப்படும் அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு ஒரே நுழைகுழாயும், கழிவறை நீருக்கும் குளியல் நீருக்கும் வெவ்வேறு வடிகுழாய்களும் வைத்தல், சுவர் எழும்புவதற்கு முன் வரைபடத்திலேயே எளிதாகச் செய்யக்கூடியது. சுவர் எழும்பிய பின் அதே வேலைக்கு ஒவ்வொரு வீட்டின் சம்மதமும், உடைத்துப் பூசும் செலவும் வேண்டியிருக்கிறது.